முல்லரின் கையெழுத்து

செப்டம்பர் 14, சனி

பெர்லினில் காலையிலிருந்தே மழை. அப்படியும் பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டேன். அஞ்சலட்டைப் பெட்டி ஒன்றின் அடியில் கார்ல் ஃபான் முல்லர், முதல் உலகப் போரில் 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் கேப்டன்! படத்துக்குக் கீழே சாய்வாகக் கையெழுத்து. 80 யூரோ சொன்னார்கள், பேசிப் பேசி 65க்கு வாங்கினேன். அடங்காத பிள்ளையை என் பாட்டி "சரியான எம்டன்" என்பார், அந்த எம்டன்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மனசே சரியில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானது. பேனாவால் போட்டிருந்தால் மை தாளின் பளபளப்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும், கோடும் கோடும் குறுக்கிடும் இடத்தில் கறுப்பு கூடும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நிப்பு கீறிய தடம் தெரியும். இதில் ஒன்றும் இல்லை, வெறும் புள்ளிகள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் இப்படித் தளபதிகள், விமானிகள், கப்பல் கேப்டன்கள் படங்களை அஞ்சலட்டையாக அடித்து ஏராளமாக விற்றார்கள், சிலவற்றில் கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்தார்கள். சந்தையில் விற்றவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 18, புதன்

முல்லரின் அசல் கையெழுத்து ஏன் இவ்வளவு அரிது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 1914 நவம்பரில் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை முடித்தது, அவர் கைதியானார், 1918-ல்தான் வீடு திரும்பினார், 1923-ல் இறந்தும்போனார். தன் பெயரை வைத்துப் புத்தகம் எழுதவும் அவர் விரும்பவில்லை. அதே போரில் பாய்மரக் கப்பலில் போர் செய்த ஜெர்மன் கேப்டன் லுக்னர் அப்படியா? 1966 வரை இருந்தார், அமெரிக்கா வரை போய் மேடைமேடையாகப் பேசினார், கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். அவர் அட்டை என்னிடமே இரண்டு இருக்கிறது.

அப்புறம், இன்று ஒருவர் இரண்டாம் போர் நீர்மூழ்கிக் கேப்டனின் படம் ஒன்றைக் காட்டினார். புற ஊதா விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தது, கையெழுத்தோ பால்பாயின்ட் பேனாவில். அப்படி ஒளிரும் தாள் போருக்குப் பிறகு வந்தது. ஆக, கையெழுத்து அவருடையதாகவே இருந்தாலும் வயதான காலத்தில் மறுபிரதியில் போட்டது. எப்படியும் நான் வாங்குவதில்லை. ஹிட்லருக்காகப் போர் செய்தவர்களை என் சுவரில் மாட்ட மனம் வராது.

செப்டம்பர் 22, ஞாயிறு

1914-ல் இதே நாள் இரவுதான் எம்டன் சென்னைக்கு எதிரே நின்று 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது, பர்மா ஆயில் தொட்டிகள் பற்றி எரிந்தன. பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களை முல்லர் கண்ணியமாக நடத்தினார், எதிரிகளே பாராட்டினார்கள், அதனால்தான் எனக்கு அவர்மேல் ஈர்ப்பு. ஆனால் அன்றிரவு துறைமுகத்தில் செத்தவர்களும் இருக்கிறார்கள். அட்டையைப் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்பக்கம் மென்மையான பென்சிலால் "கையெழுத்து அச்சு" என்று எழுதி ஆல்பத்தில் வைத்துவிட்டேன். எனக்குப் பிறகு வாங்குபவர் ஏமாறக்கூடாது.