காலை 11 வரை கூப்பிடாதீங்க

புதுச்சேரி நேரு வீதியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கினாலே எல்லார் முகமும் வாடிவிடும். இப்போது காலை 11 மணி வரை வாட்ஸ்அப் கிடையாது. போன் வந்தால் முறைவைத்து ஒருவர் மட்டும் எடுத்து நோட்டில் குறித்துவைக்கிறார்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் கொஞ்சம் பழையதிலேயே தங்கிவிடும் என்று 2009இல் சோஃபி லெராய் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் கட்டுரையே எழுதியிருக்கிறார். மூளை ஒரே நேரத்தில் பிடித்துவைப்பது நாலைந்து விஷயம்தான். பில் எண், தொகை, வரி விகிதம், அதிலேயே நிரம்பிவிடும். நடுவில் "அந்த இன்வாய்ஸ் என்னாச்சு?" என்று ஒரு குரல் கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்துதான்.

பக்கத்து மேசை அக்கா இப்போதெல்லாம் தலைவலி மாத்திரை தேடுவதில்லை.

முதலாளிகளே, ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைக்கிறீர்கள், சரி, நல்லதுதான். அதற்கு முன்னால் காலையில் இரண்டு மணி நேரம் அவர்களைக் கூப்பிடாமல் விடுங்கள்.