காசு கொடுத்த நத்தையும் ஓசியில் வந்த நத்தையும்

மீன் தொட்டிக் கண்ணாடியில் பாசி படிந்திருக்கிறது என்று மீன் கடையில் சொல்லிப் பாருங்கள். "ரெண்டு நத்தை போடுங்க சார், நக்கிரும்" என்பார்கள். எந்த நத்தை என்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வரும். இந்த "ஒண்ணுதான்"-ஐ நம்பி செடித் தொட்டியில் விட்டவர்கள் அடுத்த மாதம் வெறும் தண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செடி வைத்த தொட்டிக்கு யோசிக்காமல் வாங்கக்கூடியது நெரைட் நத்தை. வரிவரியாக இருக்கும் ஜீப்ரா நெரைட், கொம்பு முளைத்த ஹார்ன்டு நெரைட், எதுவானாலும் பாசியோடு சரி, நல்ல இலையைத் தொடாது. 20 லிட்டருக்கு ஒன்று போதும். ஆனால் பாசியே இல்லாத புதுத் தொட்டியில் விட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். முட்டையிடும், குஞ்சு வராது. லார்வா பிழைக்க உவர்நீர் வேண்டும். அதற்காக முட்டையிடுவதை நிறுத்துமா என்றால் அதுவும் இல்லை. ஆசையாக வாங்கிய மரக்கட்டை முழுக்க வெள்ளை எள் தூவியது மாதிரி ஒட்டிவைக்கும். கண்ணாடியில் இருப்பதைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டலாம். கட்டையில் இருப்பதோடு சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான். இன்னொரு குணம், நடைப்பயிற்சி. மூடி இல்லையென்றால் காலையில் சோபாவுக்கு அடியில் தேட வேண்டும். மல்லாந்து விழுந்தால் சிலதுக்குத் தானாகத் திரும்ப வராது, புரட்டி வைத்துவிடுங்கள்.

வில்லங்கமெல்லாம் மஞ்சள் நிற ஆப்பிள் நத்தையில்தான். மிஸ்டரி நத்தை என்று விற்கப்படும் பொமேசியா டிஃப்யூசா செடிக்குப் பெரும்பாலும் சாது, அழுகிய இலையும் மீன் தீனி மிச்சமும் போதும். அதன் சொந்தக்காரர் பொமேசியா கனாலிகுலேட்டாவோ ஆசிய நெல்வயல்களையே மேய்ந்து பேர் வாங்கியவர். குட்டியாக இருக்கும்போது இரண்டும் தங்க நிறத்தில் ஒரே மாதிரி இருக்கும். மேலிருந்து ஓட்டின் சுருளைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று ஆழமான பள்ளம் ஓடினால் அது கனாலிகுலேட்டா; பள்ளமில்லாமல் தோள்பட்டை தட்டையாக, செங்கோணமாகச் சேர்ந்தால் டிஃப்யூசா. முட்டைக் கொத்து பளீர் ரோஸ் நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கனாலிகுலேட்டாதான். இரண்டுமே தண்ணீருக்கு மேலேதான் முட்டை வைக்கும், காற்றுக்கும் மேலே வரும். அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 5 முதல் 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். குஞ்சு வேண்டாமென்றால் கொத்தை அன்றைக்கே வழித்தெடுத்து நசுக்கிவிடலாம். "வயல்ல சும்மா கிடக்குதே" என்று நம்மூர் ஆப்பிள் நத்தையைப் பிடித்துவந்து போடும் சிக்கனக்காரர்களுக்கு ஒரு தகவல்: அதுவும் செடி தின்னும், ஒட்டுண்ணியும் சேர்ந்தே வரும்.

காசு கொடுத்தது ஒன்றிரண்டாகவே இருக்க, ஓசியில் வந்ததுதான் குடும்பம் பெருக்கும். செடியோடு ஒட்டிவரும் ஜெல்லிப் பொட்டு மாதிரி முட்டைக் கொத்து போதும், ஒரு மாதத்தில் பிளாடர் நத்தை ஊர்வலம் கிளம்பிவிடும். ஒன்றே ஒன்று வந்தாலும் பெருகும், ஜோடி தேவையில்லை. ஓட்டின் கூர்முனை மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி பிடித்தால், வாய் இடப்பக்கம் இருந்தால் பிளாடர், தொட்டியிலேயே விட்டுவிடலாம். வலப்பக்கம் இருந்து, உணர்கொம்பு முக்கோணமாக இருந்தால் லிம்னியா வகை, இலையைக் கடிக்கும், வெளியேற்றுங்கள். மண்ணுக்குள் வாழும் எம்.டி.எஸ். (மலேசியன் ட்ரம்பெட் நத்தை) அடிமண்ணைக் கிளறிவிடுவதால் நல்ல வேலைக்காரர். பகலில் கும்பலாகக் கண்ணாடி ஏறினால் மட்டும் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் சோதியுங்கள்.

பழைய இலைகளில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தால் வீட்டில் எல்லோரும் நத்தையைத்தான் பிடிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி பொட்டாசியப் பற்றாக்குறை. ஓட்டையான இலை அழுக ஆரம்பித்த பிறகு சாப்பிட வந்த நத்தை, சம்பவ இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

கூட்டம் பெருகினால் மீனுக்குத் தீனி அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். முதலில் அதைக் குறையுங்கள். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் மொய்த்திருப்பதோடு தூக்கிவிடுங்கள். காப்பர் கலந்த மருந்து ஊற்றினால் எல்லாம் ஒரே நாளில் சாகும். அழுகும் நத்தைகளின் அம்மோனியாவில் மீனும் பின்னாலேயே போகும். புதுச் செடியை முன்பே சுத்தம் செய்ய, வாசனை சேர்க்காத ப்ளீச் 1 பங்கு, தண்ணீர் 19 பங்கு, 2 நிமிடம். பிறகு நன்றாக அலசி, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் விட்ட தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அனுபியாஸ் செடி தாங்கும், மாஸ் எனப்படும் பாசிச்செடி, வாலிஸ்னேரியா தாங்காது.

வளர்க்கிற நத்தையின் ஓடு வெள்ளையாக அரித்தால் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து குறைந்து மென்மையாகவோ பி.எச். 7-க்குக் கீழோ இருக்கும். சிஓ2 விடும் தொட்டிகளில் இது சகஜம். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போடுங்கள்.

இத்தனைக்கும் பொறுமையில்லாதவர்கள் நத்தை தின்னும் அசாசின் நத்தையை வாங்குவார்கள். அது நிதானமாக வேலை பார்க்கும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய நெரைட்டையும் விட்டுவைக்கும் என்று உத்தரவாதமில்லை. இன்னும் அவசரக்காரர்கள் கேரள ஆறுகளின் குட்டிப் பஃபர் மீனை விடுவார்கள். சின்ன நத்தைகள் சீக்கிரமே காலியாகும். அப்புறம் அது மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்க ஆரம்பிக்கும். காய்ந்த தீனி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்குத் தீனிக்காகவே பின்கட்டில் ஒரு வாளியில் பிளாடர் நத்தை வளர்க்க வேண்டிவரும்.