தவக்காலத்துல குறள் வெண்பா: 19 நாளுக்கு 11

ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னிக்கு ஒரு நோட்டு வாங்கி, ஞாயித்துக்கிழமை போக மீதி 40 நாளும் நாளைக்கு ஒரு குறள் வெண்பா, திருக்குறள் மாதிரி ரெண்டு அடி, ஏழு சீர்னு ஆரம்பிச்சேன், இன்னிக்கு 19வது நாள், தேறுனது 11. அதுலயும் ரெண்டு தளை தட்டுது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோட சரியா சேரல, எனக்கே தெரியும்.

விதி சின்னதுதான். சீரை அசையா பிரிக்கணும்: கர், மா-னு ஒத்தையா நின்னா நேர், மடி-னு குறிலோட இன்னொரு எழுத்து சேர்ந்தா நிரை. ரெண்டு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா மா (தேமா மாதிரி), நிரையில முடிஞ்சா விளம் (கூவிளம் மாதிரி), மூணு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா காய். மா-வுல முடிஞ்சா அடுத்த சீர் நிரையில ஆரம்பிக்கணும், விளம், காய் ரெண்டுக்கும் அப்புறம் நேர். கடைசி சீர் நாள், மலர், காசு, பிறப்புங்கிற இந்த நாலு வாய்பாட்டுல, அதாவது அளவுல, ஒண்ணு. படிக்கும்போது அவ்ளோதானான்னு இருந்துச்சு. இத்தாலில பொறந்த வீரமாமுனிவர் இங்க வந்து தமிழ் கத்துக்கிட்டு தேம்பாவணில 3615 பாட்டு எழுதிட்டுப் போயிட்டாரு, பாண்டில பொறந்த நான் ஏழு சீருக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் விரல் மடக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைலயும் கை தானா மடங்கிடுச்சு, எட்டாவது ஸ்தலத்துல வீட்டுக்காரி முழங்கையால ஒரு இடி.

முதல்ல எடுத்தது 23வது திருப்பாடல். நான் கத்தோலிக்கம், வீட்டுக்காரி கடலூர், சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்). வீட்ல ரெண்டு பைபிள். எனக்கு அது திருப்பாடல், அவளுக்கு சங்கீதம், எனக்கு ஆண்டவர் ஆயர், அவளுக்கு கர்த்தர் மேய்ப்பர். கல்யாணமாகி ஒன்பது வருஷமா இதுல ஒரு சண்டையும் இல்ல, வெண்பா வந்து இழுத்து விட்டுச்சு. நான் எழுதுனது இது:

ஆண்டவர் ஆயர், அடியேற் கினியென்ன
வேண்டும் அவரே வழி

தளை சரி, ரெண்டு அடியிலயும் ரெண்டாவது எழுத்து ஒத்து வர்ற எதுகையும் சரி. படிச்சுக் காட்டுனா "அடியேன்னு வீட்ல யாருங்க பேசுறா"ன்னு கேட்டா. சரி, உன் வார்த்தைல நீ சொல்லுன்னேன். கர்த்தர் மேய்ப்பர்னு ஆரம்பிச்சா, மா முன் நேர், தட்டுதுன்னு சொன்னேன். தோசைய திருப்பிப் போட்டுட்டு, "கர்த்தரென் மேய்ப்பர்னா?"ன்னா. கர்த்தரென், கூவிளம். உக்காந்துடுச்சு! ரெண்டு தோசைக்குள்ள முழுசும் வந்துடுச்சு:

கர்த்தரென் மேய்ப்பர் கவலை எனக்கில்லை
சேர்த்தணைத்துச் செல்வார் தினம்

கர் குறில், சேர் நெடில், எதுகை சுத்தமில்லன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லியும் தொலைச்சேன். அன்னிக்கு எனக்கு சட்னி இல்ல.

அம்மா பிரச்சனை வேற. "மாதா மேல ஒண்ணு எழுதுடா, கடைசி வார்த்தை மாதான்னு முடியணும்." முடியாதும்மா, மாதா தேமா, ஈத்துல (கடைசி சீரா) வராது. இயேசுன்னு முடிக்கலாம், அது பிறப்புங்கிற வாய்பாட்டுல வரும். (பாடுபடுற காலத்துல பிறப்பு வாய்பாடு, அது ஒரு தமாஷ்.) அம்மாவுக்கு கோவம், "மாதாவுக்கு எடம் குடுக்காத எலக்கணம் என்னடா எலக்கணம்?" வில்லியனூர் மாதா கோயில் கொடியேத்தத்துக்கு வருஷம் தவறாம போற ஆளு, அவங்ககிட்ட என்னத்த சொல்ல. முதல்ல வைக்கிறேம்மான்னு சமாதானம் பண்ணேன்.

முதல்ல வச்சு நாலு நாளாச்சு, ஒண்ணும் வரல. நேத்து முருங்கக்கீர உருவிக்கிட்டே பக்கத்து வீட்டு அக்காட்ட அம்மா பேசிட்டு இருந்தாங்க, அந்தக்கா பையனுக்கு வேலை போயிடுச்சு. "மாதா மடியில மனசெல்லாம் கொட்டிடு, மீதிய அவ பாத்துப்பா." நான் ரூம்லேந்து நோட்டோட ஓடி வந்தேன். "மடியில"வ "மடியில்"னு ஆக்கி, கடைசிய கொஞ்சம் மாத்துனதோட சரி:

மாதா மடியில் மனசெல்லாம் கொட்டிட்டா
மீதியப் பாப்பாள் அவள்

தா-வுக்கு தி, இழுத்துப் புடிச்சு எதுகைன்னு சொல்லிக்கலாம். அம்மாகிட்ட படிச்சா, "நான் பேசுனதத்தான திருப்பி சொல்ற, உன் பாட்டு எங்க?"ன்னுட்டாங்க.

ராத்திரி வீட்டுக்காரி நோட்ட எடுத்துப் பாத்துட்டு, பென்சில்ல மாதாவ அடிக்காம மேல சின்னதா "கர்த்தர்"னு எழுதி, கீழ "பாப்பார் அவர்"னு போட்டு வச்சிருக்கா. எண்ணிப் பாத்தேன், கர்த்தரும் தேமாதான், தளை ஒண்ணும் தட்டல. முதல் எழுத்து ஒத்து வர்ற மோனை, அந்த எதுகை, ரெண்டும் போச்சு. இன்னும் அவகிட்ட சொல்லல, இன்னிக்கு இட்லிக்கு சட்னி வேணும்.