உறைபனி இரவில் 254 டிகிரி

ஊட்டி பக்கம் தலைக்குந்தா, காந்தல் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில்தான் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கொழுந்து கருகுமுன் எச்சரிக்கத் தோட்டத்தில் வைக்கும் சென்சார் பெட்டி அந்த நேரம் பார்த்துத்தான் காலை வாரும். பகலெல்லாம் 12, 18 என்று ஒழுங்காகச் சொன்னது, -2க்கு 254 என்று காட்டும்.

சந்தேகம் முதலில் சென்சார் மேலும் ஒயர் மேலும் போகும். ஆனால் கோளாறு பெரும்பாலும், பெட்டியின் சி மொழி நிரலில் எட்டு பிட் எண்ணை வைக்கும் ‘கேர்’ (char) என்ற ஒரு பைட் டைப்பில் இருக்கும். வெறும் கேர் என்று எழுதினால், ஏவிஆர் சிப்புக்கான ஜிசிசி கம்பைலர் அதைக் குறியுள்ளதாக (-128 முதல் 127வரை) எடுத்துக்கொள்ளும்; ஏஆர்எம் வகைச் சிப்பில் அது குறியற்றது (0 முதல் 255வரை). ஏவிஆர் சிப் உள்ள அர்டுயினோ யூனோ போர்டில் ஓடிய நிரலை, ஏஆர்எம் வகையான கார்ட்டெக்ஸ்-எம்0 போர்டுக்கு மாற்றியதும் அதே எட்டு பிட் 254 ஆகிவிடும். ஜிசிசியில் இதற்கு ஒரு ஆப்ஷன் உண்டுதான். அதை நம்புவதைவிட ‘சைன்டு கேர்’ (குறியுள்ள கேர்) என்று நிரலிலேயே எழுதிவிடுவது மேல்.

சிப்பின் கட்டளைகளை நேராக எழுதும் அசெம்பிளி கலந்தால் வம்பு பெரிது. சின்ன மதிப்பு, சிப்புக்குள் எண் தங்கும் அகலமான ரெஜிஸ்டரில் போகும்போது மேல் பிட்களைச் சுத்தம் செய்யும், அதாவது குறிக்கேற்ப நிரப்பி விரிக்கும் பொறுப்பு கூப்பிடுகிறவருக்கா, கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்கா? ஏவிஆரில் முதல் கேர் ஆர்24 என்ற ரெஜிஸ்டரில் வரும். இரட்டைப்படைக் கணக்குக்காக ஆர்25உம் ஒதுக்கப்படும், ஆனால் அதில் இருப்பது பழைய குப்பை. இரண்டையும் சேர்த்து 16 பிட்டாகப் படிக்கும் ஃபங்ஷன், குப்பை தற்செயலாகப் பூஜ்யமாக இருக்கும்வரை ஓடும். ஆப்டிமைசேஷன் லெவலை மாற்றினால் உளறும். சரிசெய்ய, ஆர்25ஐப் பூஜ்யமாக்கு, ஆர்24இன் 7ஆம் பிட் 1 என்றால் ஆர்25ஐத் தலைகீழாக்கு: மூன்றே கட்டளை.

32 பிட் ஏஆர்எம்மில் பொறுப்பு கூப்பிடுகிறவருடையது. ஆர்0 முழு -2ஆகவே வந்து சேரும். 64 பிட் ஏஆர்எம்மில் விதி அப்படியே புரண்டுவிடும்: கீழ் எட்டு பிட் மட்டுமே நம்பத்தக்கது, விரிப்பது கூப்பிடப்படும் ஃபங்ஷன் வேலை. ஆப்பிள் மட்டும் தன் 64 பிட் கருவிகளில் 32 பிட்வரை கூப்பிடுகிறவரே விரிக்க வேண்டும் என்று தனி வழி வைத்திருக்கிறது. சென்சார் தகவலைத் திரட்டும் கேட்வேயாக வைத்த ‘ராஸ்பெரி பை’ சிறு கணினியை 64 பிட்டுக்கு மாற்றி, அசெம்பிளியை வரிக்கு வரி பெயர்த்தால் அடி விழுவது இங்கேதான். 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு சிப் வகை இன்னும் விசித்திரம்: குறியற்ற 32 பிட் எண்ணையும் குறியுள்ளதுபோல விரித்துத்தான் அனுப்பும்.

சோதிக்க உறைபனிக்குக் காத்திருக்க வேண்டாம். கூப்பிடுமுன் ஆர்25இல் வேண்டுமென்றே ஹெக்ஸ் ஏ5 என்ற குப்பை எண்ணைப் போட்டு, -1, -128, 127 மூன்றையும் அனுப்பிப் பார்க்கலாம். பிறகு சென்சாரை -18 டிகிரி ஃப்ரீசரில் வைத்துக் காத்திருங்கள். திரையில் 238 வந்தால் ஒயரைக் கழற்ற வேண்டாம்.