சர்க்கரைச் சங்கிலியைப் பட்டாணி வைத்துப் படித்தேன்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் உயிர் அறிவியலுக்குக் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே படித்தவள் நான். முதல் முறை புரதத்தில் சர்க்கரை ஒட்டும் பகுதியை வெறும் நொதிப் பெயர்களாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பானால் ஒன்று போகும், அங்கே பெயர் மட்டும் தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த முறைக்குப் படிக்கும்போது, மழையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம், 2 அவரை விதை, 9 பட்டாணி, 3 மிளகு எடுத்துத் தட்டில் அடுக்கினேன். அவரைதான் என்-அசிட்டைல் குளுக்கோசமைன், பட்டாணி மானோஸ், மிளகு குளுக்கோஸ். இந்த 14 சர்க்கரைகளும் டோலிக்கால் என்ற கொழுப்பின் மேல் கட்டப்பட்டு, அப்படியே மொத்தமாகப் புரதத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்துக்கு மாறுகின்றன. அஸ்பராஜினுக்கு ஒன்று தள்ளி செரினோ திரியோனினோ இருக்க வேண்டும், நடுவில் புரோலின் கூடாது.

அப்புறம் கையாலேயே கழற்றிப் பாருங்கள். செல்லுக்குள் புரதம் மடியும் இடமான எண்டோபிளாச வலையில் இரண்டு மிளகு போய் ஒன்று மிஞ்சும்போதுதான் கால்னெக்சின் என்ற துணைப் புரதம் அந்தப் புரதத்தைப் பிடித்து மடிய உதவுகிறது. கடைசி மிளகும் போன பிறகு இன்னும் சரியாக மடியாமல் இருந்தால், வேறொரு நொதி ஒரு மிளகைத் திரும்ப வைத்து மறுபடி கால்னெக்சினிடமே அனுப்பும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும்போது முற்றிய இலையைக் கழித்துவிடுவார்கள், செல் அப்படி உடனே கழிப்பதில்லை.

புரதம் அடுத்துப் போகும் கோல்ஜி உறுப்பில் பட்டாணி 5 ஆகும், ஓர் அவரை புதிதாகச் சேரும், அது சேர்ந்த பிறகே இரண்டாம் மானோசிடேஸ் என்ற நொதி இன்னும் 2 பட்டாணியை எடுக்கும். அதன் பின் எண்டோ எச் நொதியால் சங்கிலியை வெட்ட முடியாது, வெட்ட முடிந்தால் புரதம் இன்னும் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள், புரதம் எதுவரை போயிருக்கிறது என்ற கேள்விக்கெல்லாம் விடை இதில்தான் இருக்கிறது.

நொதிகளைத் தடுக்கும் பொருள்களைப் பற்றிய கேள்விகளும் தட்டிலேயே தீர்ந்துவிடும். ட்யூனிகாமைசின் கொடுத்தால் முதல் அவரையே வைக்க முடியாது. காஸ்டனோஸ்பெர்மின் என்றால் மிளகு கழலாது. ஸ்வைன்சோனின் என்றால் அந்த 2 பட்டாணியும் கழலாமல் நின்றுவிடும்.

செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோமுக்குப் போகும் நொதிகளுக்கு மட்டும் மானோஸின் 6-ஆம் கார்பனில் பாஸ்பேட் ஏறுகிறது. ஐ-செல் என்ற பரம்பரை நோயில் அது ஏறாததால் நொதிகள் லைசோசோமுக்குப் போகாமல் செல்லுக்கு வெளியே, இரத்தத்தில் போய்ச் சேர்கின்றன. இதற்கு நான் ஒரு பட்டாணியில் ஸ்கெட்ச் பேனாவால் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டேன்.