தொப்பி போன திசை

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வயது 73. மனைவியோடு பேசுவதைவிட நாயோடு அதிகம் பேசுவார். நாயோடும் அதிகம் பேச மாட்டார். அந்த நாய் பாயிண்ட்டர் ஜாதி, வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள், பெயர் மெக். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சனிக்கிழமை மூர் மேட்டு நிலத்துக்குப் போகிறோம். வருகிறாயா, பையா?" என்றார். எனக்கு 48 வயது. யார்க்ஷயர் கிழவர்களின் கணக்கில் அது பையன்தான்.

"அங்கே எனக்கு என்ன வேலை?"

"நடக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும்."

இதைக் கேட்ட என் மனைவி, "முதல் பாதி உங்களால் முடியும்" என்று சொல்லி ஒரு வெள்ளைத் துணித் தொப்பியை எடுத்து வைத்தாள். வெயில், மழை இரண்டுக்கும் ஆகுமாம்.

நார்த் யார்க் மூர்ஸ் எங்களுக்கு அரை மணி நேரப் பயணம். இங்கிலாந்தில் ஹெதர் புதர் இடைவெளியின்றிப் படர்ந்திருக்கும் நிலங்களில் மிகப் பெரியது அதுதான். ஆகஸ்டில் அது பூக்கத் தொடங்கும்போது, மலை முழுவதும் யாரோ ஊதா நிறச் சேலைகளை உலர்த்தியதுபோல் இருக்கும். அந்தப் புதருக்குள் குடும்பம் குடும்பமாகக் கிரௌஸ் பறவைகள் வாழ்கின்றன. நம் கௌதாரிக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாயிண்ட்டர், செட்டர் நாய்களுக்கான களப்போட்டி அன்றைக்கு. 1865இல் பெட்ஃபர்ட்ஷயரில் சவுத்ஹில் என்ற இடத்தில் தொடங்கிய வழக்கமாம். காரில் போகும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அடுத்த வாக்கியம் வர ஏழு மைல் ஆயிற்று.

சீட்டுக் குலுக்கி நாய்களை இரண்டிரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் காற்றை எதிர்த்து, தறியில் நாடா ஓடுவதுபோல இடமும் வலமுமாக ஒன்றையொன்று குறுக்கே கடந்து ஓடும். பின்னால் நாய்க்காரர்கள், நடுவர்கள். அவர்களுக்கும் பின்னால் எங்களைப் போன்ற வேடிக்கை கோஷ்டி. காற்றில் பறவையின் வாசனை பட்டதும் நாய் அப்படியே உறைந்துவிட வேண்டும். பாயிண்ட்டர் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கும். செட்டர் சில சமயம் பம்மித் தாழும். துப்பாக்கி வருமுன் அந்தக் காலத்தில் நாயையும் பறவைகளையும் சேர்த்து வலை வீசி மூடுவார்களாம், அதற்குத் தோதாகப் பழக்கிய குணம். நாய்க்காரர் பக்கத்தில் வந்து ஆணையிட்டபின் நாய் ஒவ்வோர் அடியாக முன்னேறும். பறவைகள் சடசடவென்று எழும்பும். வெற்றுத் தோட்டா ஒன்று வெடிக்கும். அப்போதும் நாய் அசையக் கூடாது. பறவைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கிரௌஸ் சுடும் பருவம் ஆகஸ்ட் 12இல்தான் தொடங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி. ஜோடியில் ஒரு நாய் உறைந்து நின்றால், அதைப் பார்க்கும் மற்ற நாயும் நின்றுவிட வேண்டும். தன் மூக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. கூட்டாளியின் மூக்கை நம்பி நிற்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இந்தத் தகுதி ஒருவருக்கும் கிடையாது.

நான் ராஜபாளையத்துப் பக்கத்துக்காரன். நாய் என்றால் துரத்த வேண்டும் என்பது எங்கள் ஊர் வேதம். முயலின் பின்னே சிப்பிப்பாறை நாய் பாய்ந்த கதைகளை என் தாத்தா கண்ணில் நீர் வரச் சொல்வார். இங்கே முயலைத் துரத்தினால் நாய்க்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. தாத்தாவை இங்கே கூட்டி வந்திருந்தால் பாதியிலேயே கிளம்பியிருப்பார்.

மெக்கின் முறை வந்தது. ஜோடி, ஒரு மூதாட்டியின் கார்டன் செட்டர். கன்னங்கரேலென்று, முகத்திலும் காலிலும் செம்பழுப்புப் பூச்சோடு, பட்டுப் பாவாடை கட்டியதுபோல் முடி அலையும் நாய். அம்மையாருக்கு 80 இருக்கும். எனக்கு முழங்காலைத் தட்டிய ஹெதரில் அவர் சமையலறையில் நடப்பதுபோல் நடந்தார்.

பத்து நிமிடம் போல இரண்டு நாய்களும் ஓடின. அப்படி ஓர் அழகை நான் எதிர்பார்க்கவில்லை. மெக் வீட்டில் சோபாவை விட்டு இறங்காத சோம்பேறி. இங்கே தரையில் கால் பட்டதா என்று சந்தேகம் வரும் ஓட்டம். நம்மவர் தோள் லேசாக நிமிர்ந்திருந்தது. நடுவர் ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தலையை அரைக்கால் அங்குலம் அசைத்தார். யார்க்ஷயரில் அது கைதட்டல்.

அப்போதுதான் என் தொப்பி பறந்தது.

காற்று எதிரிலிருந்து வந்துகொண்டிருந்ததால் தொப்பி பின்பக்கமாக, நாங்கள் கடந்து வந்த நிலத்தின் இடது ஓரத்துக்குப் போயிற்று. நல்ல வேளை, நாய்களுக்கு முன்னால் போகவில்லை, ஓடி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "ஐயோ!" என்று ஒரு குரலும் கொடுத்துவிட்டு ஓடினேன். தொப்பி ஹெதர்மேல் உட்காரும், நான் குனிவேன், அது எழுந்து இன்னும் ஐந்தடி தள்ளிப் போகும். நான்காவது தடவை நான் ஒரு சிறு பள்ளத்தில் கால் வைத்ததும் தரை வெடித்தது.

எட்டுக் கிரௌஸ். ஒவ்வொன்றும் என் காதோரம் புறப்பட்டது. கிரௌஸின் கூவல் ஆங்கிலக் காதுக்கு "கோ பேக், கோ பேக்" என்று கேட்குமாம். எனக்கும் அப்படியே கேட்டது. திரும்பிப் போ, திரும்பிப் போ என்று எட்டும் சொல்லிக்கொண்டே மலைச்சரிவைத் தாண்டி மறைந்தன.

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் நின்றுவிட்டிருந்தார்கள். மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இத்தனை பேர் காலையிலிருந்து தேடியதை வெறுங்காலால் கண்டுபிடித்திருக்கிறேன் அல்லவா? நடுவர்கள் பறவைகள் போன திசையைப் பார்த்தார்கள், நான் நின்ற பள்ளத்தைப் பார்த்தார்கள், பிறகு இரண்டு நாய்களையும் பார்த்தார்கள். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்கள். விசில்கள் ஊதப்பட்டன. மெக்கின் கழுத்தில் வார் ஏறியது. கார்டன் செட்டருக்கும்.

பக்கத்தில் நின்ற ஒருவர்தான் தணிந்த குரலில் விளக்கினார். தன் ஓட்டப் பரப்புக்குள் இருந்த பறவைகளைத் தாண்டிப் போவது நாய்க்குப் பெரிய குற்றம். இரண்டும் குறுக்கும் மறுக்குமாக ஓடிய நிலம் அது. ஆகவே இரண்டும் வெளியே.

நான் வாயைத் திறக்காமல் பின்னாலேயே நடந்திருந்தால் அந்த எட்டும் இன்றைக்கும் அங்கேயே சௌக்கியமாக இருந்திருக்கும். இரண்டு நாய்களும் மேதைகளாகவே இருந்திருக்கும்.

தொப்பியோ, சற்றுத் தள்ளிப் பச்சைப் பாசி மூடிய சதுப்பின் நடுவே போய் உட்கார்ந்தது. ஓர் அடி வைத்தேன், முழங்கால் வரை போயிற்று. காலை மீட்டபின், நிலைமையைச் சகஜமாக்கும் எண்ணத்தில், "மெக்கை அனுப்பி எடுத்துவரச் சொல்லலாமா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"அது ரிட்ரீவர் வேலை" என்றார். விழுந்த பறவையைக் கவ்வி எடுத்துவரும் வேறு ஜாதி நாய் அது.

கார்கள் நிறுத்திய இடத்தில் அந்த மூதாட்டி பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை அசைத்து நிறுத்தினார். "உங்களுக்கு மூக்கு நன்றாக இருக்கிறது. நிற்கத்தான் தெரியவில்லை."

திரும்பும் வழியில் என் குற்றங்களை எண்ணிப் பார்த்தேன். ஆணையில்லாமல் ஓடியது, குரல் கொடுத்தது, பறவையை எழுப்பியது, எழுப்பியபின் நிற்காமல் மேலும் ஓடியது. நாயாகப் பிறந்திருந்தால் ஒரே நிமிடத்தில் நான்கு தடவை வெளியேற்றியிருப்பார்கள். பின் இருக்கையில் மெக் என் ஈரக் கால்சட்டையின் நாற்றத்தைத் தோளுக்கு மேலிருந்து ஆர்வமாக முகர்ந்துகொண்டே வந்தது. ஊருக்குள் நுழையும் முதல் சிக்னலில் பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பள்ளம். காற்று மேலோடு போயிருக்கும், வாசனை வெளியே வந்திருக்காது."

அது மெக்குக்காகச் சொன்னதா எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. பச்சை விழுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வாசலில் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பழைய கம்பளித் தொப்பி, நாய் முடியோடு. மோவாய்க்கு அடியில் கட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் நாடா தைத்திருந்தது. நாடா புதிது.