அரசாணிக்கு விதை வாங்கும் முன்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்கு ஒட்டன்சத்திரம் மண்டியில் என் தோட்டத்து அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, இரண்டு குவியலாக இறங்கியது. ஒரே தோட்டம், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே நாள் வெட்டு. ஒரு குவியல் கோ 1 என்கிற ரகம், காய் ஒவ்வொன்றும் ஏழு எட்டு கிலோ, நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த காய். இன்னொன்று அர்கா சந்தன், இரண்டு இரண்டரை கிலோ. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சந்தன் எடை போட்டு வண்டி ஏறிவிட்டது. கோ 1 பதினோரு மணி வரை அப்படியே கிடந்தது. கடைசியில் கல்யாண சமையல் எடுத்துச் செய்கிற ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காயில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அந்த வருடம் கோ 1 தான் நன்றாக வந்திருந்தது. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது. அதற்கப்புறம் யாராவது போன் போட்டு "எந்த ரகம் போடலாம்ணா?" என்று கேட்டால், யாருக்கு விற்கப் போகிறாய் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் இருப்பதில்லை. மண்டிக்குக் கொண்டுபோனால் யாரோ எடுப்பார்கள் என்று நினைக்கிறோம். எடுப்பார்கள், ஆனால் அவர்கள் சொல்கிற விலைக்கு.

பெயரை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் விதைக் கடையிலேயே இதில் குழப்பம் வருகிறது. எங்கள் பக்கம் அரசாணி, தஞ்சாவூர்ப் பக்கம் பறங்கி, சென்னையில் மஞ்சள் பூசணி, எல்லாம் ஒன்றுதான். வெறுமனே பூசணி விதை என்று கேட்டால் சிலர் சாம்பல் பூசணியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு செடி, வேறு வியாபாரம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காயின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று மண்டியில் பார்ப்பதைவிடத் தெருமுனைக் காய்கறிக் கடையில் நின்றால் சீக்கிரம் புரியும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்குக் கால் கிலோ, அரை கிலோ போதும். எட்டு கிலோ காயைக் கடைக்காரர் வெட்டித்தான் விற்க வேண்டும். வெட்டாத முற்றிய காய் நிழலில் மாதக்கணக்கில் இருக்கும், வெட்டிவிட்டால் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் சதை கொழகொழத்துவிடும். அந்த நஷ்டத்தை அவர் மண்டியில் கழிப்பார், மண்டிக்காரர் நம்மிடம் கழிப்பார். ஒரு கிலோ, ஒன்றரை கிலோ காய் என்றால் முழுசாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், வெட்டுகிற வேலையே கிடையாது. கல்யாண மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் இது அப்படியே தலைகீழ். அங்கே ஐம்பது சின்னக் காயை உட்கார்ந்து தோல் சீவ ஆள் இல்லை, பெரிய காய்தான் அவர்களுக்கு வசதி. ஆக கோ 1 மோசமான ரகம் என்று நான் சொல்லவே மாட்டேன். முகூர்த்த மாதங்களைக் கணக்குப் பண்ணி, இரண்டு மூன்று சமையல்காரர்களிடம் முன்னாடியே பேசி வைத்திருந்தால் அது நல்ல ரகம். நான் பேசி வைக்கவில்லை.

அப்புறம் நாள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 நிலத்தில் இருப்பது 175 நாள். அதே பல்கலைக்கழகத்தின் கோ 2, காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, 135 நாளில் முடிந்துவிடும். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டதில் அர்கா சந்தன் 125 நாள், அர்கா சூர்யமுகி ஏறக்குறைய 100 நாள். 175க்கும் 100க்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டரை மாதத்தைத் தண்ணீராக நினைத்துப் பாருங்கள். தை மாதம் ஊன்றிய கோ 1 ஆனி வரைக்கும் தண்ணீர் கேட்கும். எங்கள் கிணறு சித்திரையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. குத்தகை நிலம் என்றால் அடுத்த பயிருக்கும் இடிக்கும்.

விளைச்சல் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோ 1 ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன், கோ 2க்கு 23 முதல் 25 டன், அர்கா சந்தன் 33 டன் வரை என்று பரிந்துரைப் புத்தகங்களில் இருக்கும். ஏக்கருக்கு மாற்ற இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை ஏக்கருக்கு ஒன்பது டன்னைத் தாண்டியதில்லை. என் மண் சரளை கலந்த செம்மண், தொழுவுரமும் ஒவ்வொரு வருடமும் வேண்டிய அளவு போட முடிவதில்லை. கடன் வாங்கிப் பயிர் வைப்பவர்கள் புத்தகக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு வரும் என்று வைத்துக்கொண்டு, அதிலும் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள்.

சூர்யமுகி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த ரகம் அது. ஒரு கிலோ சுமார் இருக்கும், உருண்டை, மேலும் கீழும் கொஞ்சம் தட்டை, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடும். பழ ஈயைத் தாங்கும் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். என் தோட்டத்தில் பார்த்தவரை அது உண்மைதான். கோ 1 பிஞ்சில் ஈ குத்திய இடத்தில் பிசின் மாதிரி சொட்டு நிற்கும், நாலு நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், உடைத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பக்கத்து வரிசையில் இருந்த சூர்யமுகியில் அப்படி உதிர்ந்தது மிகக் குறைவு. அதற்காக ஈயைப் பிடிக்கிற பொறி வைக்காமல் விடாதீர்கள், நான் எந்த ரகத்துக்கும் பொறி கட்டுகிறேன். ஆனால் மண்டியில் இந்த நிறம் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது என்ன காய் என்று கேட்டு ஒதுக்கிவிட்டு, வழக்கமான பச்சை மஞ்சள் வரிக்காயை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சூர்யமுகியை மண்டிக்கு அதிகம் கொண்டுபோவதில்லை, பழநியிலும் தாராபுரத்திலும் இரண்டு பழமுதிர்க் கடைகளுக்கு நேராகக் கொடுக்கிறேன்.

மண்டியில் காய் வாங்குபவர் என்ன பார்க்கிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். குவியலில் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார், மேலே இருப்பதைத் தொடவே மாட்டார். நகத்தால் தோலை அழுத்துவார், நகம் இறங்கினால் இளசு என்று விலையைக் குறைப்பார். காம்பைத் திருப்பிப் பார்ப்பார், காய்ந்து கட்டை போல இருக்க வேண்டும், காம்பே இல்லாத காய் அந்த இடத்திலிருந்துதான் முதலில் அழுகும் என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் கத்தியை எடுத்து முக்கோணமாக ஒரு துண்டு கீறி வெளியே இழுப்பார். சதையின் நிறம்தான் கடைசித் தீர்ப்பு. கெட்டி ஆரஞ்சு நிறம், நடுவில் குழி சின்னதாக, சதை கனமாக இருந்தால் பேச்சே இல்லை. வெளிர் மஞ்சள் என்றால் "தண்ணிக் காய்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அர்கா சந்தன் எனக்கு அன்றைக்கு விற்றது இந்த ஒரு துண்டால்தான். வெளியில் பார்த்தால் அழகான காய் கிடையாது, பழுத்தால் சந்தன மரத்துண்டு மாதிரி வெளிர் பழுப்பு, உள்ளே நல்ல நிறம். ஆகவே ரகத்தைக் கேட்கும்போது எடையோடு நிற்காமல், சதை என்ன நிறம், எவ்வளவு கனம் என்றும் கேளுங்கள்.

எங்கள் மண்டியிலிருந்து கேரளாவுக்கு நிறைய லோடு போகிறது. அங்கே அரசாணிக்கு மத்தன் என்று பெயர். எரிசேரி என்கிற கூட்டுக்கு நன்றாக முற்றிய காய் கேட்பார்கள். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் விலை ஏறும் என்பதால் எல்லோரும் அதைக் குறிவைத்தே ஊன்றுகிறார்கள், ஆனால் நாளைப் பார்க்காமல் ஊன்றுகிறார்கள். திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2025இல் செப்டம்பர் 5. நாட்காட்டியைத் திறந்து வைத்து ரகத்தின் நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஓணம் முடிந்த மறுநாள் போய்ச் சேர்கிற லோடுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பல் பூசணியில் இந்த நாள் கணக்கு இன்னும் கடுமை. சாம்பாருக்கும் மோர்க்குழம்புக்கும் வருடம் முழுக்க ஓரளவு போகும், ஆனால் பெரிய விற்பனை ஆயுத பூஜைக்குத்தான். அது 2023இல் அக்டோபர் 23, 2025இல் அக்டோபர் 1. மூன்று வாரம் முன்பின்னாக நகர்கிறது. போன தடவை போட்ட தேதியிலேயே இந்தத் தடவையும் போட்டால் காய் கொடியில் இருக்கும்போதே பூஜை முடிந்துவிடும். சாம்பல் பூசணியிலும் கோ 1 என்று ஒரு ரகம் உண்டு, அது ஐந்து மாதத்தை ஒட்டிய பயிர், ஆடிப்பட்டம் என்று காத்திருந்தால் வராது, பூஜைத் தேதியைப் பொறுத்து சித்திரையிலோ வைகாசியிலோ விதை மண்ணில் இருக்க வேண்டும். அந்தப் பூஜைக்குச் சின்னக் காயை யாரும் வாங்க மாட்டார்கள், பெரிதாக, மேலே சாம்பல் பூத்து வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரே ஆறுதல், பூஜைக்கு மிஞ்சியது கெடாது. கொட்டகையில் வைக்கோல் போட்டு அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும்.

ஒட்டு ரக (ஹைபிரிட்) விதை பற்றி என் அனுபவம் ஒன்று. ஒரு கடையில் "ஒரே சீராக மூணு கிலோ வரும்" என்று சொல்லிக் கொடுத்த பொட்டலத்தை ஒன்றரை ஏக்கரில் ஊன்றினேன். நாற்பத்தைந்தாம் நாள் பிஞ்சு இறங்கும்போதே வயிற்றைக் கலக்கியது. ஒரு கொடியில் சுரைக்காய் மாதிரி நீளம், அடுத்ததில் ஆழமாக வரி விழுந்த தட்டைக்காய், அதற்கடுத்து உருண்டை. கலப்பு விதை. பில் வாங்கவில்லை, பொட்டலத்தை அன்றைக்கே எரித்துவிட்டேன், யாரிடம் போய் என்ன கேட்பது? இப்போது பில், பொட்டலம், அதில் இருக்கிற லாட் நம்பர், கூடவே ஒரு கைப்பிடி விதை, நாலையும் அறுவடை முடியும் வரை வீட்டில் வைத்திருக்கிறேன். விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க இவை வேண்டும். சான்று பெற்ற விதை என்றால் நீல அட்டை இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஒட்டு ரகக் காயிலிருந்து விதை எடுத்து மறுபடி போடாதீர்கள், அடுத்த தலைமுறை தாய்க்காய் மாதிரி வராமல் பிரிந்துவிடும். கோ 2, சந்தன் மாதிரி ரகங்களில் சொந்த விதை எடுக்கலாம், ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் வேறு அரசாணி இருந்தால் தேனீ கலந்துவிடும். நான் விதைக்கு வேண்டிய பூவை முந்தின நாள் சாயங்காலமே நூலால் கட்டிவைப்பேன், ஆண் பூ இரண்டு, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கிற பெண் பூ ஒன்று. காலை ஆறரைக்குப் பிரித்து, ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டி, காம்பில் ஒரு சிவப்புத் துணி. வெயில் ஏறிவிட்டால் பூ சுருங்கிவிடும், அப்புறம் பிரயோஜனமில்லை. இருபது பூவுக்கு இப்படிச் செய்தால் பத்துப் பன்னிரண்டு பிடிக்கும், ஏக்கருக்கு வேண்டிய 400 கிராம் விதைக்கு அது தாராளம்.

இந்தத் தைக்கு ஒரு ஏக்கர் சந்தன், அரை ஏக்கர் சூர்யமுகி என்று குழி எடுத்தாயிற்று, இரண்டு மீட்டருக்கு ஒன்று. கிணற்றடியில் ஒரு வரிசை மட்டும் கோ 1. பழநியில் சமையல் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வைகாசி ஆனி முகூர்த்தங்களுக்கு எண்பது காய் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.